மேற்கோள் எண்ணிக்கையும் எழுவகை மதமும்: திருவனந்தபுரத் தமிழாய்வை முன்வைத்து ஒரு மதிப்பீடு

முன்னுரை

ஓர் ஆய்வாளரின் கருத்து ஆய்வுலகில் எத்துணைத் தாக்கம் விளைவித்தது என்பதை எவ்வாறு அறிவது? அவரைப் பின்வந்தோர் எத்தனை முறை மேற்கோள் காட்டினர் என்று எண்ணிப் பார்த்தால் போதும் என்பது இன்றைய உயர்கல்வி நிருவாகம் பெரிதும் ஏற்றுக்கொண்டுள்ள விடை. அறிவியலாளரை அளப்பதற்கென உருவான இவ்வளவுகோல் இப்போது மொழி, இலக்கியத் துறை ஆசிரியர்களின் பணியமர்த்தம், பதவி உயர்வு, நிறுவனத் தரவரிசை ஆகியவற்றிலும் இடம்பெறுகின்றது. ஆகவே இவ்வளவுகோல் எதனை அளக்கிறது, எதனை அளக்கத் தவறுகிறது என ஆராய்வது தமிழாய்வாளரின் கடமையாகிறது. தமிழ் மரபுக்குள்ளேயே அமைந்துள்ள எழுவகை மதம் என்னும் கோட்பாட்டைக் கொண்டு மேற்கோள் எண்ணிக்கையை மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கம். சான்றுக் களமாகத் திருவனந்தபுரத்தில் பணியாற்றிய மூன்று அறிஞர்களின் ஆய்வுகள் கொள்ளப்படுகின்றன.

எண்ணிக்கையின் தோற்றம்

மேற்கோள்களைத் தொகுத்து அட்டவணைப்படுத்தும் எண்ணத்தை 1955இல் சயின்ஸ் இதழில் முன்வைத்தவர் யூஜின் கார்ஃபீல்டு. 1960களில் அவர் நிறுவனம் வெளியிடத் தொடங்கிய அறிவியல் மேற்கோள் அட்டவணை அடிப்படையில் ஒரு தேடுகருவியே ஆகும். ஒரு கருத்து யாரால் எடுத்தாளப்பட்டது, எங்கே திருத்தப்பட்டது என்பதனைத் தேடுவோர்க்கு அது வழிகாட்டியது. தேடுதற்கு அமைந்த கருவி நாளடைவில் தரம் பிரிக்கும் கருவியாக மாறியது. இதழ்களை ஒப்பிடத் தாக்கக் காரணி பயன்பட்டது. 2005இல் இயற்பியலாளர் ஹிர்ஷ் தனிமனிதரை அளக்க எச் குறியெண்ணை முன்மொழிந்தார். ஒருவருடைய கட்டுரைகளுள் பத்துக் கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது பத்து முறை மேற்கோள் காட்டப்பட்டிருப்பின் அவருடைய குறியெண் பத்து. வாழ்நாள் முழுவதும் உழைத்து ஒரே நூலை எழுதியவர், அந்நூல் ஆயிரம் முறை எடுத்தாளப்பட்டிருந்தாலும், ஒன்று என்னும் எண்ணையே பெறுவார். குறியெண்ணின் இலக்கணத்திலிருந்தே இம்முடிவு பெறப்படும்.

நூலகத் துறையில் எண்ணியல் முறைகளைப் புகுத்த வேண்டுமெனக் கூறி, 1948இல் அதற்கெனத் தனிப்பெயரே படைத்தவர் சீர்காழியிற் பிறந்த சீ.இரா. அரங்கநாதன். எனவே எண்ணிப் பார்த்தல் தமிழருக்கு அயலான செயலன்று. எண்ணப்படும் பொருள் யாது, அவ்வெண் எதற்குச் சான்றாகும் என்பதே கேள்வி.

தமிழ் மரபில் மேற்கோள்

மேற்கோள் என்னும் சொல்லுக்கு இன்று பிறர் கூற்றை எடுத்துக்காட்டுதல் என்றே பொருள் கொள்கிறோம். சிவஞானபோத உரை மரபில் இச்சொல் வேறு பொருளில் வழங்குகிறது. அங்கு மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்னும் வரிசையில், ஆசிரியன் நிறுவுவதற்காகத் தானே மேற்கொள்ளும் கருத்து மேற்கோள் எனப்படுகிறது. மேற்கோள் என்பது ஒரு பொறுப்பை மேற்கொள்ளுதல் என்னும் கருத்து இவ்வழக்கில் வெளிப்படுகின்றது. பிறர் கூற்றைத் தன் வாதத்திற்குள் கொணர்பவனும் அதனை ஏற்றோ மறுத்தோ விளக்கும் பொறுப்பை மேற்கொள்கிறான் எனலாம்.

உரையாசிரியர்களின் மேற்கோளாட்சியில் இரு போக்குகள் தெளிவாகத் தெரிகின்றன. ஒன்று, பெயர் சுட்டாமை. என்ப, என்மனார் எனத் தொல்காப்பியம் முன்னோரைப் பெயரின்றிச் சுட்டுகிறது. உரையாசிரியர்கள் மாற்றுக் கருத்தினரை என்பாரும் உளர் என்னும் வாய்பாட்டால் பலவிடத்தும் குறிக்கின்றனர். எண்ணிக்கை முறையில் இவையெல்லாம் சுழியம். இரண்டு, ஒரே மேற்கோளால் ஒரு நூல் பிழைத்தல். அவிநயம், காக்கைபாடினியம் முதலிய இலக்கண நூல்களை இன்று ஓரளவேனும் அறிய முடிவது யாப்பருங்கல விருத்தி போன்ற உரைகளில் அவற்றின் நூற்பாக்கள் எடுத்தாளப்பட்டமையால்தான். மயிலை சீனி. வேங்கடசாமி 1959இல் வெளியிட்ட மறைந்துபோன தமிழ் நூல்கள் என்னும் நூல் பெரிதும் இத்தகைய மேற்கோள்களின் துணையால் உருவானது. நூறு முறை எடுத்தாளப்பட்ட நூலுக்கு நூற்றோராவது மேற்கோள் சேர்க்கும் பயனும், மறைந்த நூலொன்றுக்கு எஞ்சிய ஒற்றை மேற்கோள் தரும் பயனும் ஒன்றல்ல. எண்ணிக்கையோ இரண்டையும் ஒன்று எனவே கணக்கிடும்.

எழுவகை மதம்

நன்னூலின் பொதுப்பாயிரம் நூலாசிரியன் கொள்ளும் மதங்களை ஏழாக வகுக்கிறது. பிறர் கருத்தோடு உடன்படுதல், மறுத்தல், பிறர் கருத்தை முதலில் ஏற்றுப் பின்னர்க் களைதல், தானே ஒரு கருத்தை நாட்டி நிலைநிறுத்துதல், இருவர் மாறுபடும் இடத்தில் ஒருபக்கம் துணிதல், பிறர் நூற்குற்றம் காட்டுதல், பிறரோடு சாராது தன் கருத்தே கொள்ளுதல் என அவற்றை விளக்கலாம். இவற்றுள் நாட்டித் தன் கருத்தை நிறுத்துதலும் பிறரைச் சாராமையும் ஒருவனது தன்னுரிமையைக் காட்டுவன. எஞ்சிய ஐந்தும் ஒருவன் தனக்கு முற்பட்டோரின் ஆய்வோடு கொள்ளும் உறவின் வகைகள்.

இவ்வைந்தினையும் மேற்கோள் அட்டவணை ஒரே நிறையாகக் கொள்கிறது. உடன்பட்டு எடுத்தாண்டாலும் ஒன்று, குற்றம் காட்ட எடுத்தாண்டாலும் ஒன்று. பிறிதொரு குறையும் உண்டு. பிறரைச் சாராது புதிதாய் ஒன்றை நாட்டும் ஆசிரியன், தான் எழுதும் காலத்தில் அத்துறையில் வேறெவரும் இன்மையால், மேற்கோள் காட்டுவாரை நெடுங்காலம் பெறாமற் போகலாம். மேற்கோளின் வகையை முதலில் அறிந்து அதன்பின் எண்ணுக என்பதே பவணந்தியாரின் பாகுபாட்டிலிருந்து பெறக்கூடிய நெறி.

சுந்தரம் பிள்ளை: கரைந்துபோன மேற்கோள்

திருவனந்தபுரம் மகாராசா கல்லூரியில் மெய்யியற் பேராசிரியராக விளங்கிய பெ. சுந்தரம் பிள்ளை, 1891இல் வெளிவந்த மனோன்மணீயத்தால் பெரிதும் அறியப்படுபவர். ஆயினும் 1895இல் நூலாக வந்த திருஞானசம்பந்தர் கால ஆராய்ச்சி தமிழிலக்கிய வரலாற்றின் அடிக்கல்லுள் ஒன்று. கால்டுவெல் சம்பந்தரைக் கூன்பாண்டியன் கதையோடு பொருத்திப் 13ஆம் நூற்றாண்டின் இறுதிக்குக் கொண்டுவந்திருந்தார். சுந்தரம் பிள்ளை இலக்கியச் சான்றுகளையும் கல்வெட்டுச் சான்றுகளையும் படிமுறையாக அடுக்கி, சம்பந்தர் 7ஆம் நூற்றாண்டுக்குப் பிற்பட்டவராதல் இயலாது என நிறுவினார். ஓர் ஆசிரியரின் காலத்தை உறுதிசெய்து, அதனை மைல்கல்லாக நட்டு, முன்னும் பின்னும் பிறவற்றை அளக்கும் முறையை அந்நூல் காட்டியது. எழுவகை மதத்துள் கால்டுவெலை மறுத்தலும் தன் கருத்தை நாட்டி நிறுத்தலும் அதில் ஒருங்கே அமைந்துள்ளன.

இன்று சம்பந்தர் காலம் 7ஆம் நூற்றாண்டு என எழுதுவோர் சுந்தரம் பிள்ளையைச் சுட்டுவது அரிது. அவர் கருத்து தோற்றதனால் நேர்ந்ததன்று இது. பள்ளிப் பாடநூல் வரை பரவிப் பொதுவறிவாகிவிட்டமையே காரணம். ஒரு கண்டுபிடிப்பு முழுவதும் ஏற்கப்பட்டு, கண்டவர் பெயர் தேவையற்றதாகிவிடும் இந்நிலையைச் சமூகவியலறிஞர் இராபர்ட் மெர்ட்டன் அறிவியல் வரலாற்றில் எடுத்துக்காட்டியுள்ளார். ஆய்வாளன் ஒருவன் அடையக்கூடிய மிகப் பெரிய தாக்கம் இதுவே. எண்ணிக்கை முறை இத்தகைய வெற்றியைத் தோல்வியெனப் பதிவுசெய்யும்.

மனோன்மணீயத்தின் தமிழ்த் தெய்வ வணக்கப் பகுதி 1970இல் தமிழ்நாடு அரசின் விழாக்களில் பாடப்பெறும் வாழ்த்தாகவும், 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாகவும் அறிவிக்கப்பட்டது. 1897இல் 42ஆம் அகவையில் மறைந்த அவ்வாசிரியரின் சொற்கள் நாள்தோறும் பள்ளிகளில் ஒலிக்கின்றன. இவ்வொலிப்பை எந்த அட்டவணையும் மேற்கோளாகக் கொள்வதில்லை.

வையாபுரிப்பிள்ளை: மறுக்கப்படும் மேற்கோள்

திருவனந்தபுரத்தில் வழக்குரைஞராகத் தொழில் புரிந்தவரும், 1922இல் மனோன்மணீயத்தைப் பதிப்பித்தவரும், 1950களின் தொடக்கத்தில் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தவருமான ச. வையாபுரிப்பிள்ளையின் நிலை இதற்கு நேர்மாறானது. திருக்குறள், சிலப்பதிகாரம் முதலியவற்றின் காலத்தைப் பிற்படுத்தி அவர் கூறிய முடிவுகள் தமிழாய்வுலகில் மிகுதியாக மறுக்கப்பட்டவை. கால ஆராய்ச்சி நூல்களில் அவர் பெயர் தொடர்ந்து இடம்பெறுகிறது. ஆனால் அவ்விடங்களிற் பல, நன்னூல் கூறும் மறுத்தலும் நூற்குற்றம் காட்டலுமே ஆகும். எண்ணிக்கையை மட்டும் காண்பவர் அவர் காலக்கணிப்பு பரவலாக ஏற்கப்பட்டது எனத் தவறாக முடிவு செய்யக்கூடும்.

அதே வேளையில், மறுக்கப்படுதலே மதிப்பின்மை எனக் கொள்வதும் பிழை. வலுவற்ற கருத்தை மறுக்க எவரும் தலைமுறை தலைமுறையாக முயல்வதில்லை. மறுப்பதற்காகச் சான்று தேடியவர்கள் புதிய சான்றுகளைக் கண்டனர். அவ்வகையில் மறுப்பும் தாக்கத்தின் ஒரு வகையே. அது உடன்பாட்டினின்றும் வேறான வகை என்பதே ஈண்டு வலியுறுத்தப்படுகின்றது.

அவருடைய மற்றொரு பணியோ மேற்கோளுக்கே அகப்படுவதில்லை. 1926 முதல் அவர் பதிப்பாசிரியராக இருந்து 1936இல் நிறைவுசெய்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் ஆறு தொகுதிகளும், 1939இல் முற்றுப்பெற்ற பின்னிணைப்பும் சேர்ந்து 1,17,762 சொற்களைக் கொண்டவை. பழந்தமிழ் நூல்களைப் பயில்வோர் அதனைப் புரட்டாமல் இருத்தல் அரிது. ஆயினும் பார்த்த ஒவ்வொரு சொல்லுக்கும் அடிக்குறிப்பிடுவார் இலர். 1938இல் அவர் பதிப்பித்த புறத்திரட்டும் அத்தகையதே. முழுமையாகக் கிடைக்காத நூல்களின் பாடல்களைத் தாங்கி நிற்கும் அத்தொகைநூல் வழியாகப் பிற்காலத்தார் மூலநூல்களை மேற்கோள் காட்டுவர். இடையில் நின்று பாடம் ஒப்பிட்டு உதவிய பதிப்பாசிரியரை விட்டுவிடுவர்.

வ.அய். சுப்பிரமணியம்: கருவிநூலின் மேற்கோள்

1957இல் கேரளப் பல்கலைக்கழகம் எனப் பெயர் மாறிய அதே பல்கலைக்கழகத்தில் தமிழ்த்துறையையும் பின்னர் மொழியியல் துறையையும் வழிநடத்தியவர் வ.அய். சுப்பிரமணியம். அவருடைய புறநானூற்றுச் சொல்லடைவு 1962இல் வெளிவந்தது. அதனைத் தொடர்ந்து சங்க நூல்களுக்கு இலக்கணமும் சொல்லடைவும் ஆக்கும் பணி திருவனந்தபுரத்தில் ஒரு மரபாகவே வளர்ந்தது. 1972இல் வெளிவந்த ச.வே. சுப்பிரமணியனின் அகநானூற்று இலக்கண நூலும் 1975இல் வெளிவந்த மா. இளையபெருமாளின் ஐங்குறுநூற்று இலக்கண நூலும் அம்மரபின் விளைவுகள். 1971இல் திராவிட மொழியியல் கழகமும், 1972இல் அதன் பன்னாட்டு ஆய்விதழும் வ.அய். சுப்பிரமணியத்தின் முயற்சியால் அந்நகரிலிருந்தே தொடங்கின. 1981இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராகவும் அவர் பொறுப்பேற்றார்.

சொல்லடைவு ஆக்குவோன் கருத்து எதனையும் நாட்டுவதில்லை. எனவே உடன்படவும் மறுக்கவும் அதில் ஒன்றுமில்லை. பிறர் நாட்டுதற்கு வேண்டிய தரவை ஒழுங்குபடுத்துவதே அதன் பணி. ஒரு சொல் சங்க நூல்களில் எங்கெங்கு வருகிறது எனச் சில நொடிகளில் கண்டு ஒருவர் எழுதும் கட்டுரை பல மேற்கோள்களைப் பெறலாம். அதற்குப் பல ஆண்டுகள் உழைத்த சொல்லடைவாளர் ஒன்றும் பெறாமற் போகலாம். நிறுவனம் கட்டுதல், இதழ் தொடங்குதல், மாணவரைப் பயிற்றுதல் ஆகியவை கணக்கில் வருவதற்கே வழியில்லை.

இங்குப் பெயரெழுத்துச் சிக்கலும் நோக்கத்தக்கது. இவ்வறிஞரின் பெயர் உரோமன் எழுத்தில் கேரள வழக்கப்படி ஓகாரச் சாயலுடன் எழுதப்பட்டது. தமிழ்நாட்டு வழக்கில் அதே பெயர் வேறு எழுத்துக்கூட்டல்கள் பெறும். தந்தை பெயரைக் குறிக்கும் தலைப்பெழுத்தைத் தன்பெயராகவும், தன்பெயரைக் குடும்பப் பெயராகவும் தரவுத்தளங்கள் கொள்ளும். ஒருவர் பலராகப் பிரிவதும் பலர் ஒருவராகச் சேர்வதும் இதனால் நிகழும். இனி, ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் போன்ற தளங்களில் தமிழில் எழுதப்பட்ட நூல்களும் இதழ்களும் பெரும்பாலும் இடம்பெறாமையால், தமிழ் நூலில் தமிழ் நூலுக்குத் தரப்படும் அடிக்குறிப்பு அவ்வுலகில் நிகழாத ஒன்றாகவே ஆகிவிடுகிறது.

அறிவியலிலும் இந்நிலை

இக்குறை மொழித்துறைக்கு மட்டும் உரியதென எண்ணுதல் கூடாது. அதே நகரின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தில் மா.ச. வலியத்தான் தலைமையில் உருவான செயற்கை இதய வால்வு 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அதன் பயன் அறுவை அரங்குகளில் உள்ளது. வால்வு பொருத்தப்பெற்று வாழ்பவர் கட்டுரை எழுதி மேற்கோள் காட்டுவதில்லை. பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா அறிவியலாளர்கள் ஆரோக்கியப்பச்சை என்னும் மூலிகையிலிருந்து உருவாக்கிய சீவனி என்னும் மருந்துக்கு அடிப்படை, 1987இல் அகத்தியமலைக் காட்டில் காணி மக்கள் அவர்களுக்குக் காட்டிய அறிவு. உரிமத் தொகையில் ஒரு பங்கு அம்மக்களுக்கு உரியதென ஒப்பி 1997இல் அறக்கட்டளையும் அமைந்தது. பொருளளவில் அவர்கள் பங்கு ஏற்கப்பட்டது. மேற்கோள் அட்டவணையோ எழுதியவரையே ஆசிரியராகக் கொள்வது. எழுதாது சொன்னவர்க்கு அதில் இடமில்லை.

விதிகளும் விளைவும்

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகள் மொழித்துறை ஆய்வுக் கட்டுரை ஒன்றுக்கு 10 புள்ளியும், தேசியப் பதிப்பகம் வெளியிடும் நூலுக்கு 10 புள்ளியும் வகுத்தன. பதிப்பாசிரியராக இருந்து வெளியிடும் நூலுக்கு 8 புள்ளி. கட்டுரைக்கு இதழின் தாக்கக் காரணியைப் பொறுத்துக் கூடுதல் புள்ளிகளும் உண்டு. காரணி இல்லாத இதழுக்கு 5 புள்ளி, காரணி பத்துக்கு மேற்பட்டால் 30 புள்ளி. தமிழ் ஆய்விதழ்களுக்குத் தாக்கக் காரணி கணக்கிடப்படாத நிலையில் இவ்வேறுபாடு யார்க்குச் சார்பாகும் என்பது வெளிப்படை. ஏற்புடைய இதழ்களின் பட்டியலிலிருந்து 2018 மே மாதத்தில் 4,305 இதழ்கள் நீக்கப்பட்டன. அதன்பின் 2019இல் வெளியான கேர் பட்டியலும் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. அளவுகோலே இவ்வாறு மாறிக்கொண்டிருக்க, அதனை நம்பித் தம் ஆய்வுப்பொருளைத் தேர்ந்த இளம் ஆய்வாளர்களின் ஆண்டுகள் திரும்பி வருவதில்லை.

பத்தாண்டு உழைத்துச் சுவடிகளை ஒப்பிட்டு ஒரு பதிப்பைக் கொணர்வதைவிட, பத்துத் திங்களில் சில கட்டுரைகளை வெளியிடுவது இக்கணக்கில் ஆதாயமாகிறது. புறத்திரட்டுப் போன்ற பதிப்பும் புறநானூற்றுச் சொல்லடைவு போன்ற கருவிநூலும் இனித் தோன்றுமா என்பதே இங்கு எழும் கேள்வி. உலகளவிலும் இக்கவலை உண்டு. 2012இல் உருவான சான் பிரான்சிஸ்கோ அறிக்கை இதழின் தாக்கக் காரணியைக் கொண்டு தனிமனிதரை மதிப்பிடலாகாது என்றது. 2015இல் வெளிவந்த லெய்டன் அறிக்கையின் பத்து நெறிகளுள் ஒன்று, அந்தந்த வட்டாரத்துக்கும் மொழிக்கும் உரிய சிறந்த ஆய்வைப் பேண வேண்டும் என்பது.

எண்ணிக்கையின் பயனும் தமிழாய்வாளர் கடமையும்

இவ்வாறு கூறுவதனால் எண்ணிக்கையை முற்றும் புறக்கணிக்க வேண்டுமென்பதில்லை. அறிந்தார் அறியார், வேண்டியவர் வேண்டாதவர் என்னும் பாகுபாட்டால் தகுதி மறைக்கப்படும் இடங்களில், எவரும் சரிபார்க்கக்கூடிய ஓர் எண் பாதுகாப்பாகலாம். செல்வாக்கற்ற ஊரிலிருந்து எழுதும் ஆய்வாளரின் நூல் தொலைநாட்டில் பயன்படுவதை அது வெளிப்படுத்தவும் கூடும்.

தமிழாய்வுலகின் பழக்கங்களிலும் திருத்தத்தக்கவை உள்ளன. முன்னோர் கருத்தைப் பெயர் சுட்டாது எடுத்தாளுதல், பிறர் நூலிலிருந்து பெற்ற மேற்கோளை மூலநூலிலிருந்தே பெற்றதாகக் காட்டுதல், அகராதியையும் சொல்லடைவையும் பதிப்பாசிரியரையும் துணைநூற் பட்டியலில் விடுதல், நெறியாளரின் நூலைத் தேவையின்றிச் சேர்த்தல் ஆகியன அத்தகையவை. உரையாசிரியர் காலத்தில் பெயர் சுட்டாமை ஒரு மரபு. கற்றோர் குழு சிறிதாக இருந்தமையால் சுட்டப்பட்டவர் யாரென அவர்கள் அறிந்திருத்தல் கூடும். பல்லாயிரவர் எழுதும் இக்காலத்தில் அதே வழக்கம் பிறர் உழைப்பை மறைப்பதாக முடியும். எண்ணிக்கை முறையின் குறைகளைச் சுட்டும் தகுதி, தம் மேற்கோள்களைச் செம்மையாகத் தருவோர்க்கே உண்டு.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவன வருமாறு. மேற்கோள் எண்ணிக்கை ஒரு கருத்தின் நடமாட்டத்தைக் காட்டும். அதன் மதிப்பைக் காட்டாது. சுந்தரம் பிள்ளையின் காலக்கணிப்பு முழுதும் ஏற்கப்பட்டதால் மேற்கோளிலிருந்து மறைந்தது. வையாபுரிப்பிள்ளையின் காலக்கணிப்பு மறுக்கப்படுவதால் மேற்கோளில் நிலைத்தது. வ.அய். சுப்பிரமணியத்தின் கருவிநூல், கருவி என்பதனாலேயே மேற்கோளுக்கு வெளியே நின்றது. மூவரின் தாக்கமும் பெரிது. மூன்றையும் ஓரெண்ணால் அளத்தல் இயலாது.

தமிழ் நூல்களையும் இதழ்களையும் உள்ளடக்கிய மேற்கோள் அடைவு ஒன்று தமிழிலேயே உருவாதல் வேண்டும். அதில் ஒவ்வொரு மேற்கோளும் உடன்பாடா, மறுப்பா, ஏற்றுக் களைதலா, ஒருதலை துணிதலா, குற்றம் காட்டலா என வகை குறிக்கப்படுதல் வேண்டும். பதிப்பு, அகராதி, சொல்லடைவு ஆகியவற்றுக்குத் தனிப்பகுதி அமைதல் வேண்டும். இவ்வகைப்பாட்டைச் செய்வதற்கு மேற்கோள் நின்ற பக்கத்தைப் படித்தாக வேண்டும். ஓர் ஆய்வாளரை மதிப்பிடும் குழுவினர் அவர் நூலைப் படிக்க வேண்டும் என்னும் எளிய கடமைக்கு மாற்றாக வந்ததே எண்ணிக்கை. அக்கடமையை மீளவும் மேற்கொள்வதன்றி இதற்கு வேறு தீர்வு இல்லை என்பது இக்கட்டுரையின் முடிபு.